பொன்முடியில் பருந்து எண்ணிய பத்து நாள்

சங்குமுகம் மணலில் ஊரே மேலே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஸ்வாமியைக் கடலில் நீராட்டுகிற ஐப்பசி ஆறாட்டு. ஊர்வலம் கோட்டையை விட்டுக் கிளம்பிவிட்டது, கடற்கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஸ்வாமி வருகிறபோது கருடன் வட்டமிடும் என்பதால் கூட்டம் முழுவதும் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றது. கருடன் வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன். கையை இறக்குகிறபோது கருடனுக்கும் மேலே, ரொம்ப மேலே, மிளகைச் சிதறவிட்டாற்போலச் சின்னப் புள்ளிகள் போவதைக் கண்டேன். எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தன. தலைக்கு மேலாகக் கடந்தன. நேரே கடலுக்கு மேலே போயின.

"வௌவாலாயிருக்கும்டா," என்றான் பக்கத்தில் நின்ற சிநேகிதன்.

வௌவால் அப்படியா பறக்கும்? காக்கையானாலும் கொஞ்சதூரம் போய்விட்டுத் திரும்பிவிடும். இவை திரும்பவில்லை. அலைக்கு அப்பால், தோணிகளுக்கும் அப்பால், கண்ணில் நீர் வரும்வரை பார்த்தேன், போய்க்கொண்டே இருந்தன. கிழக்கிலிருந்து வருகின்றன. கிழக்கில் மலை. மலையைத் தாண்டாமல் எப்படி வர முடியும்? அப்படியானால் மலைமுகட்டில் போய் நின்றால் எண்ணிவிடலாமே! இவ்வளவுதான் யோசனை. சொல்லி முடிக்கக் கால் நிமிஷம் ஆகாது. அன்று ஸ்வாமி எப்போது வந்தார், எப்போது கடலில் இறங்கினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பி.ஏ. இரண்டாம் வருஷம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே எங்கள் விலங்கியல் லெக்சரரைப் பிடித்துவிட்டேன். அவர் நாஞ்சில்நாட்டுக்காரர். வகுப்பில் சுத்தமான இங்கிலீஷ், வகுப்புக்கு வெளியே சுத்தமான நாகர்கோவில்.

"பருந்துதான்னு எப்பிடிச் சொல்லுத?"

"றெக்கை கூரா இருந்தது சார். அடிச்சு அடிச்சுப் பறந்தது. கூட்டமாப் போச்சு."

"வல்லூறா இருக்கலாம். சின்ன சாதி. வடக்கேருந்து வருதுன்னு புஸ்தகத்துல இருக்கு. நம்ம மலை வழியா எத்தனை போவுதுன்னு ஒரு புஸ்தகத்துலயும் இல்ல." பைப்பைத் தட்டினார். "நீ எண்ணுவியா?"

"எண்ணுவேன் சார்."

"நீ மட்டும் எண்ணினா அது கதை டே. ரெண்டு பேரு தனித்தனியா எண்ணணும். ஒருத்தன் காகிதத்த மத்தவன் பாக்கப்படாது. அப்பிடிக் கொண்டு வந்தியானா அது ரிக்கார்டு. நான் பம்பாய்க்கு எழுதுதேன்."

பம்பாயில் பறவை விஷயங்களை அச்சிடுகிற ஒரு சஞ்சிகை இருந்தது. கல்லூரி லைப்ரரியில் அதன் பழைய பிரதிகளைப் படித்துப் படித்து, அதில் எட்டு வரியாவது என் குறிப்பு வந்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு ஏற்கெனவே இருந்தது. பி.ஏ. தேறுவதுகூட அதற்கு அப்புறந்தான். லெக்சரர் அலமாரியைத் திறந்து, ஒரு கண்ணில் பூஞ்சை படர்ந்த பைனாகுலர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு மலையில் இடம் இருந்தது. அக்காவைப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்குக் கொடுத்திருந்தது. கல்யாணமாகி நாலு வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு இறங்கி வருவாள், அந்த வருஷம் வரவில்லை. "அவளைப் பாத்து நாளாச்சு, நான் போயிட்டு வரேன்," என்று சொன்னதும் வீட்டில் அப்பளக்கட்டும் மாவடு ஜாடியும் தயாராகிவிட்டன. கல்லூரிக்குப் பத்து நாள் மட்டம். கார்த்திகை பிறந்து, ஐப்பசியில் பிடித்த துலாமழை சற்று விட்டிருந்தது. விதுரை வரையில் கரிபஸ், அப்புறம் தோட்டத்து லாரியில் தேயிலைச் சாக்குகளின் மேல். கல்லாற்றைத் தாண்டி வளைவு வளைவாக ஏற ஏற, மாவடு ஜாடியை நான் கட்டிக்கொண்டிருந்தேனா, அது என்னைக் கட்டிக்கொண்டிருந்ததா என்று சொல்ல முடியாது.

அத்திம்பேர் விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். "மனுஷாளுக்கு மிக்ஸ்சர் கலக்கவே எனக்கு நேரம் பத்தலே. நீ பருந்தை எண்ண வந்திருக்கே, அதுக்கு நான் அசிஸ்டெண்டாக்கும்!"

"ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் போறும் அத்திம்பேர்."

"செரி, பாப்போம்."

பார்த்தார். முதல் நாள் என்னோடு முகட்டுக்கு வந்து, ஒரு பாறையில் சாய்ந்து, பதினைந்தாம் நிமிஷம் குறட்டை விட்டார். எழுந்ததும், "நான் எண்ணினது ஒண்ணு. அதுவும் ஈ," என்றார். கீழே ஆஸ்பத்திரி மணி அடித்தது, இறங்கிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா ரசத்தைக் கலக்கி விட்டுக்கொண்டே, "நான் எண்ணறேனே," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். நாலாம் ஃபாரத்தோடு அவள் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். கணக்கில் எப்போதும் எனக்கு மேலே.

"நாலு மணி நேரம் வெயில்லே நிக்கணும்டீ."

"இங்கே நாள் முழுக்க நான் என்ன பண்றேன்னு நெனச்சே? ஜன்னல்லே நிக்கறேன். அங்கே வந்து நின்னா என்ன?" கரண்டியை வைத்துவிட்டு, "நான் எண்ணினா அந்தக் காகிதமும் உங்க சாருக்குப் போகுமோ?" என்று கேட்டாள்.

"போகும்."

"நான் எழுதினபடியே?"

"நீ எழுதினபடியே."

அத்திம்பேர் மோரை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் பைத்தியம்," என்றார். மறுநாள் காலை அவருடைய மழைக்கோட்டை அவரே எடுத்து அவளிடம் கொடுத்தார்.

மடிசார்மேல் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற மழைக்கோட்டுடன் என் அக்கா அந்தப் புல்மேட்டில் ஏறிப்போன காட்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தேயிலை கிள்ளுகிற பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் கத்தினாள்: "என்ன சாமி, பருந்துக்குப் பெரட்டு எடுக்கியளா? வராதவுகளுக்கு ஆப்சென்ட் போட்டுருங்க!" கூடை கூடையாகச் சிரிப்பு. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

நாங்கள் இருந்த முகடு ஒரு மாட்டின் முதுகைப் போல நீளமாக, மரமில்லாமல், வெறும் புல்லாக இருக்கும். அவள் வடக்குக் கோடி, நான் தெற்குக் கோடி. நடுவில் கூப்பிட்டால் கேட்கிற தூரம், ஆனால் கூப்பிடக் கூடாது. சாரின் உத்தரவு. கிழக்கே பள்ளத்தில் காடு கறுப்பாகக் கிடக்கும். மேற்கே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப்போகிற குன்றுகளும், நல்ல நாளில் கடைசியாகக் கடலின் ஒரு கோடும் தெரியும். ஒன்பது மணிவரை பனி. பனி விலகியதும் தும்பிகள் வரும். ஆயிரக்கணக்கில், மஞ்சளாய், எல்லாம் ஒரே திசைக்கு. தும்பிகளுக்குப் பின்னாலேயே அவை வரும்.

சாம்பல் நிறம், கைக்கு அடங்குகிற உடம்பு, கால் மட்டும் குங்குமத்தில் தோய்த்தாற்போலச் சிவப்பு. பறந்துகொண்டே ஒரு தும்பியைக் காலால் எட்டிப் பிடித்து, பறந்துகொண்டே வாய்க்குக் கொண்டுபோய், றெக்கைகளைப் பிய்த்துக் காற்றில் விட்டுவிட்டுப் போகும். அந்தத் தும்பி இறக்கைகள் மினுங்கிக்கொண்டு என் நோட்டுப் புஸ்தகத்தின்மேல் வந்து விழுந்ததுண்டு. ஒன்றை ஒட்டிவைத்தேன், இன்னும் இருக்கிறது.

நான் எண்ணியது கோடு போட்டு. நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. அக்காவிடம் நோட்டையும் பென்சிலையும் நீட்டினபோது, "எனக்கு அது வேண்டாம்," என்று மடியிலிருந்து துளசி மாலையை எடுத்தாள். ஒரு பருந்துக்கு ஒரு மணி, ஒரு மணிக்கு ஒரு ராமா. மாலை முடிகிற பெரிய மணி கைக்கு வந்ததும் அதைத் தாண்டாமல் திருப்பிக்கொள்வாள். எத்தனை சுற்று என்பதற்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூழாங்கல். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அன்றைய தொகையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, காலியான குயினைன் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். நான் பார்க்கக் கூடாது. என்னுடையதை அவள் பார்க்கக் கூடாது.

"இன்னிக்கு நிறைய, இல்லியாடீ?"

"சொல்லப்படாதுன்னியே."

"நிறையவா கம்மியான்னு சொல்லலாம்."

"போடா. உங்க சாருக்கு எழுதிப் போட்டுடுவேன்."

ஒரு விஷயத்தை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். பள்ளத்திலிருந்து கூட்டமாகச் சுழன்று மேலே ஏறுகிறபோது எண்ண முடியாது, உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி எல்லாம் கலந்துவிடும். ஏறி முடித்து, உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக மேற்கே வழுக்கிக்கொண்டு போகும்போது எண்ண வேண்டும். இதை அவள் சொன்னது இரண்டாம் நாள். இது பேசக்கூடாத விஷயத்தில் சேருமா, சேராதா என்று நாங்கள் அரைமணி நேரம் சண்டை போட்டோம்.

ஏழாம் நாள் வந்ததுதான் பெரிய கூட்டம். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பத்து மணிக்கு முதல் சுழல் எழுந்தது. அது கலைவதற்குள் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. தலைக்கு மேலே ஒரு சத்தமும் இல்லை. அதுதான் ஆச்சரியம், அத்தனை உயிர் போகிறது, காற்றின் சத்தம் மட்டுந்தான். கோடு போட்டேன், நிமிர்ந்தேன், கோடு போட்டேன். வடக்குக் கோடியில் அக்கா மழைக்கோட்டோடு ஆணி அடித்தாற்போல முகத்தை நிமிர்த்தி நின்றாள், மாலை பிடித்த கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்கு இடிமேகம் கட்டி மலை மூடிக்கொண்டதும் இறங்கினோம். இருவரும் வழி முழுவதும் பேசவில்லை. பேசினால் எண்ணிக்கை வாயில் வந்துவிடும். வீட்டு வாசலில் அவள் மட்டும், "எங்கேடா போறது அதெல்லாம்?" என்றாள்.

"ஆப்பிரிக்கான்னு சார் சொல்றார்."

"கடல்லே உக்கார இடம் இருக்காதே," என்றாள். கால்களிலிருந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

பத்தாம் நாள் குயினைன் டப்பாவை என் கையில் கொடுத்தாள். லாரி கல்லாற்றில் தண்ணீர் பிடிக்க நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை, திறந்துவிட்டேன். இருவரும் எழுதி முடித்தாயிற்று, இனிப் பார்த்தால் என்ன என்று சமாதானம்.

பருந்து கொஞ்சமாக வந்த நாட்களில் அவளும் நானும் ஏறக்குறைய ஒன்று. நான் அறுபத்திரண்டு என்றால் அவள் அறுபத்துமூன்று. ஆனால் நூறைத் தாண்டிய நாட்களில் எல்லாம் அவள் குறைவு. என் நூற்றிருபத்தேழுக்கு அவளுடையது நூற்றிருபத்திரண்டு. ஏழாம் நாள் நான் ஐந்நூற்று ஐம்பத்தாறு. அவள் ஐந்நூற்று முப்பத்தொன்று. பாவம், கூட்டம் பெரிதாக வந்ததும் தடுமாறிவிட்டாள், ராமா சொல்லிக்கொண்டே இருந்ததில் நழுவியிருக்கும் என்று முடிவு கட்டினேன். அவளைக் கேட்கலாமென்றால் அவள் மலைமேல், நான் லாரியில். கடுதாசி போட்டுப் பதில் வாங்கியிருக்கலாம். ஒரு வாரம் ஆகும். எனக்கு ஏது ஒரு வாரம் பொறுமை?

ஊர் திரும்பி, ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து நல்ல காகிதத்தில் இங்க்கில் பிரதி எடுத்தேன். இரண்டு பத்தி, ஒன்று அவள், ஒன்று நான். அவளுடைய பத்தியில் ஏழாம் நாளுக்கு வந்ததும் பேனா நின்றது. ஐந்நூற்று ஐம்பத்தாறு என்று எழுதினேன். பிறகு மற்ற நாட்களையும் அப்படியே திருத்தினேன். அறுபத்துமூன்றை ஏன் விடவேண்டும் என்று அதையும் அறுபத்திரண்டாக்கினேன். எல்லாம் சேர்ந்து ரொம்ப அழகாக இருந்தது.

லெக்சரர் அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டாவது ஆள் யாரு?"

"என் அக்கா சார்."

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கண்ணா டே?"

காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"இந்த ரூம்ல எத்தனை பாட்டில் இருக்குன்னு நானும் பியூனும் எண்ணினாலே ரெண்டு வித்தியாசம் வரும். பறக்குத பட்சிய இத்தனை நாளு எண்ணிருக்கீங்க, ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. அவ எழுதினதக் கொண்டா."

டப்பா என் சட்டைப்பையிலேயே இருந்தது. துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து என் பத்திக்குப் பக்கத்தில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பைனாகுலர அலமாரில வச்சிட்டுப் போ," என்றார்.

பொங்கலுக்கு அக்கா வந்தாள். வாசற்படி ஏறுவதற்கு முன்பே, "அச்சாயிடுத்தா?" என்றாள். மாடிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்து, மீதியையும் சொன்னேன்.

"என் காகிதத்தை நீ திருத்தினியா?"

"நீ விட்டுட்டேன்னு நெனச்சேன்."

"நான் விட்டேனா? ஒண்ணு விடல்லே, கேட்டியா? ஒண்ணு!" குரல் எழும்பாமல் இருக்கத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அஞ்சு சுத்து, முப்பத்தோரு மணி. எனக்கு இன்னிக்கும் தெரியும்."

"அஞ்சு சுத்துன்னா?"

"ஐந்நூறு."

"மாலையிலே எத்தனை மணி?"

"நூத்தியெட்டு. ஒரு சுத்துன்னா நூறுன்னுதானே கணக்கு? எட்டு பகவானுக்கு. ஜபத்திலே தப்புத்தவறு போனா அதுக்குன்னு விட்டுடறது. இது கூடத் தெரியாதா உனக்கு?"

தெரியும். எங்கள் தெருவில் யாருக்குத்தான் தெரியாது? அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் என்றால் பத்துச் சுற்று. சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன கணக்கு. அது என் லாரியிலும் என் மேஜையிலும் என் தலைக்கு வரவே இல்லை. நான் ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரிலேயே கணக்குப் போட்டேன். ஐந்து எட்டு நாற்பது. ஐந்நூற்று முப்பத்தொன்றோடு நாற்பது, ஐந்நூற்று எழுபத்தொன்று. நூற்றிருபத்திரண்டு நூற்றுமுப்பது ஆயிற்று. நூறைத் தாண்டிய நாட்கள் எல்லாவற்றிலும் அவள் எனக்கு மேலே ஏறி நின்றாள்.

பதினைந்து பருந்துகள். ஏழாம் நாள் பதினைந்து பருந்துகளை நான் விட்டிருக்கிறேன்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ கோடு போடறச்சே எங்கே பாத்துண்டிருந்தே?" என்று கேட்டாள்.

காகிதத்தை. ஐந்துக்கு ஒரு முறை தலையைக் குனிந்து காகிதத்தை. அவள் கை மாலையில் இருந்தது, கண் வானத்தில் இருந்தது. நாலு மணி நேரமும் ஒரு தடவைகூட அவள் குனியவில்லை.

அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு லெக்சரரிடம் போனேன். கேட்டுவிட்டு, பைப் அணைந்துபோகிற அளவுக்குச் சிரித்தார். "எட்டு பகவானுக்கா! இத நான் பம்பாய்க்காரனுக்கு எப்பிடி டே இங்கிலீஷ்ல எழுதுவேன்?" அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "உங்க அக்கா எண்ணுனதுல எனக்கு நம்பிக்கைதான். ஆனா அது உன் கை பட்டு வந்திருக்கு. அத அச்சுக்கு அனுப்ப மாட்டேன். இன்னொரு வருசம் எண்ணுங்க," என்றார்.

இன்னொரு வருஷம் என்று அவர் சொல்லி இரண்டு வருஷம் போய்விட்டது. ஒரு கார்த்திகையைப் பரீட்சை தின்றது. அடுத்ததில் மலையில் விடாத மழை, கல்லாறு பெருகி லாரியே போகவில்லை. நான் இப்போது சர்க்கார் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. என் ஜன்னலுக்கு எதிரே ஒரு மாமரமும் அதற்கு மேலே உள்ளங்கை அகலம் வானமும் தெரிகிறது. ஐப்பசி பிறந்ததிலிருந்து தும்பிகள் வர ஆரம்பித்துவிட்டன. ஃபைலை வைத்துவிட்டு எழுந்து எழுந்து போகிறேன், சூப்பிரண்டு கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறார். அந்தப் புல்லின் வாசனை, பனி விலகுகிறபோது முதலில் தெரிகிற மழைக்கோட்டின் பொத்தான்கள், "போடா, சாருக்கு எழுதிப் போட்டுடுவேன்" என்ற குரல், எல்லாம் ஆபீஸ் நேரத்தில்தான் வந்து தொலைக்கின்றன. அக்காவுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. அத்திம்பேருக்குத் தை மாதம் மாற்றல், நாகர்கோவில் பக்கம். ஆகையால் இந்தக் கார்த்திகைதான் கடைசி.

பத்து நாள் லீவு கிடைத்துவிட்டது. குழந்தையை முகட்டுக்குக் கீழே அத்திம்பேர் பார்த்துக்கொள்வதாக எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார் ("அது தூங்கினால் நானும் தூங்குவேன், அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை"). நான் இந்தத் தடவை கோடு போடப் போவதில்லை, ஒரு பை நிறையப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். ஒரு பருந்துக்கு ஒரு கொட்டை, ஒரு பையிலிருந்து மறு பைக்கு, குனியாமல். அக்காவின் யோசனை வேறொன்று. தினமும் சாயங்காலம் அவளே இங்க்கில் எழுதி, மணிக்கணக்கு, சுற்றுக்கணக்கு இரண்டையும் போட்டு, அவளே உறையை ஒட்டித் தோட்டத்துத் தபால்பையில் சேர்த்துவிடுவாள். நேரே லெக்சரர் விலாசத்துக்கு. பத்து உறைகளுக்கும் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டி வைத்துவிட்டதாகப் போன கடுதாசியில் எழுதியிருந்தாள். என் உறைகள் தனியாகப் போகும். இரண்டையும் அவர்தான் பிரிப்பார். அவள் எத்தனை எண்ணினாள் என்பது அவர் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.